சோதனைச் சாவடியில் பிரித்த கட்டு

மச்சாள்,

இன்று காலை வெள்ளவத்தையில் மருந்துக்கடை வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைக் கழுத்துக்குள் வெள்ளைக் கட்டு ஒன்று தெரிந்தது. அதன் கீழே சிவப்பும் நீலமுமாய் இரண்டு மூடிகள். டயாலிசிஸ் குழாய். வாங்க வந்த குளிசையை வாங்காமலே காலி வீதிக்கு இறங்கிவிட்டேன். உம்மோடு கதைக்காமல் இனி முடியாது.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிக் கொழும்பில் எங்கள் பிளற் வீட்டுக்கு நீர் வந்தபோது உமக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டிருந்தன. கை நரம்பில் செய்த ஒப்பரேசன் சரிவர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லும், அதுவரைக்கும் கழுத்துக் குழாயால்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்யலாம் என்றார்கள். கண்ணாடியில் அந்த மூடிகளைப் பார்த்து, காதில் போடுகிற தோட்டைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று சிரித்தீர். உம் அண்ணா, என் மனுசன், விடியவே வேலைக்குப் போய்விடுவார். கிழமைக்கு இரண்டு தரம் உம்மைப் பஸ்ஸில் கூட்டிப்போவது என் பொறுப்பு.

கட்டை ஆஸ்பத்திரித் தாதிமாரைத் தவிர ஒருவரும் திறக்கக்கூடாது, கிருமி போனால் உயிருக்கே ஆபத்து என்று தாதி முதல் நாளே சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் பஸ்ஸை மறித்து இறக்கிய சாவடியில், உம் அடையாள அட்டையில் இருந்தது யாழ்ப்பாண விலாசம். சட்டைக்குள் வீக்கமாய் ஏதோ ஒன்று, குண்டோ என்ற சந்தேகம் அவர்களுக்கு. "மொக்கத மே?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டபடி காவலுக்கு நின்ற பெண் கையை நீட்டினாள். இழுத்துவிடுவாளோ என்று பயந்துபோனேன். அவளை முந்திக்கொண்டு நானே கட்டின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள், போகச் சொன்னாள்.

அதன்பிறகு கேட்க முதலே பிரித்துக் காட்டப் பழகிவிட்டேன். பஸ் கம்பியைப் பிடித்து வந்த அதே கையால். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் ஒரு கடிதம் எடுத்து வைத்தால் கட்டைத் தொடத் தேவையில்லையே என்று நீர் சொன்னீர். அதற்கு இன்னொரு நாள் வரிசையில் காய வேண்டும். அதற்குள் உம் கை சரிவந்துவிடும், சும்மா இரும் என்று உம் வாயை அடைத்தவள் நான். மற்றவர்கள் வெயிலில் நிற்க நாங்கள் மட்டும் சட்டென்று ஏறிவிடுவோம். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், விசரி.

நாலாம் கிழமை, மெசினில் போட்டுச் சற்று நேரத்தில் உமக்கு நடுக்கம் வந்தது. கட்டில் கிடுகிடுத்தது. இரண்டு போர்வைக்கு மேல் நான் விழுந்து பிடித்தும் நிற்கவில்லை. குழாய் வழியே கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டொக்டர். கட்டை யார் திறந்தது என்று அவர் கேட்டபோது நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நீர்தான் பதில் சொன்னீர், வேர்வைக்குத் தானாகக் கழன்றது என்று.

அவர் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அண்ணாவுக்கு ஒண்டும் சொல்லாதையும் மச்சாள். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருக்க வேணும்."

மூன்றாம் நாள் போய்விட்டீர். அந்தக் காவல்காரியை ஏசவும் எனக்கு வழியில்லை. அவள் உம்மைத் தொடவே இல்லையே.

இப்போது சாவடிகள் இல்லை. உம் அண்ணாவின் கோபம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் உமக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் படைப்பேன். இலையில் இருந்தபடி அவர் தொடங்குவார். ஆஸ்பத்திரிக்காரர் கை கழுவாமல் தொட்டுத்தான் தன் தங்கச்சியைக் கொன்றார்கள் என்பார். வந்த சொந்தக்காரர் ஓம் ஓம் என்பார்கள். நான் சோறு போடுவேன்.

நீர் கேட்டதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டேன். பொய் மச்சாள். சொன்ன பிறகு அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம், அவ்வளவுதான். வருகிற வியாழன் உம் திவசம். அவர் கை கழுவாதவர்களைப் பற்றிச் சொல்லுவார். இந்த முறையும் நான் சோறுதான் போடுவேன்.