அடுப்பு அணைந்தும் அணையாத இருமல்

மோரி கடற்கரை,
ஞாயிறு

குமாசிப் பள்ளிக்கூடத்தை ஒற்றைக் கையால் தாங்கி நிற்கும் என் மருமகள் அராபாவுக்கு, ஏழு கடல்களின் அதிபதியும் ஒரே ஒரு ஓட்டைத் தோணியின் சொந்தக்காரனுமான உன் தாய்மாமன் குவாமெனா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தின நாள் வந்த சாளை இருக்கிறதே, கடலில் தண்ணீருக்கே இடமில்லை. மீன் முதுகில் நடந்துதான் கரையேறினேன். சந்தேகப்படுகிறவர்கள் என் செருப்பை முகர்ந்து பார்க்கலாம்.

தடை தொடங்கி மூன்று வாரம். உன் அம்மாவின் புகையடுப்புகளில் பல்லிகள் குடும்பம் நடத்துகின்றன. ஆனால் அவள் இருமல் நிற்கவில்லை. மீனைப் புகையில் வாட்டுகிறவள் இருமத்தான் செய்வாள், இருமாதவள் வாட்டிய மீனை யார் வாங்குவார் என்பதுதானே நம் கரையின் சட்டம்? நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். புகையே இல்லாதபோது என்ன இருமல்?

போன வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ், மீன் வாட்டும் பெண்களைக் கூட்டி, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா, காலையில் சளி வருகிறதா என்று கேட்டாள். உன் அம்மா சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்லம்மா. மேடுதான் வருஷா வருஷம் உசந்துக்கிட்டே போகுது." எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

நேற்று அவள் செய்த கெங்கிச் சோள உருண்டையைக் கயிற்றில் கட்டினால் நங்கூரமாகப் போடலாம் என்றேன். "டேய் ஓட்டத் தோணிக்காரா!" என்று எழுந்தாள். வழக்கமாக அங்கே தொடங்கி நம் கொள்ளுத்தாத்தா வரை திட்டிக்கொண்டே போவாள். நேற்று அதோடு நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டாள். பிறகு, "போ, நீயே ஜெயிச்சுக்கோ" என்றாள்.

நர்ஸிடம் ஓடினேன். கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதிப் பார்க்க வேண்டுமாம். நுரையீரலில் போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றாள். உன் அம்மாவோ, "முப்பது வருஷமா அடுப்பு ஊதுறேன், இன்னும் என்னத்த ஊதணும்?" என்கிறாள். நான் சொன்னால் நகரமாட்டாள். நீ கையைப் பிடித்தால் எழுந்திருப்பாள்.

நாளையல்ல, அடுத்த திங்கட்கிழமை தடை முடிந்து தோணிகள் இறங்கும். அடுப்பு மூட்டிவிட்டால் அவளை யாராலும் அசைக்க முடியாது. அதற்குள் வா.

உலகத்து மேடெல்லாம் உங்கள் இருவருக்கும் தாழ்ந்து கொடுக்கட்டும். ஐம்பது வருஷத்தில் அவளிடம் நான் ஜெயித்த ஒரே சண்டை நேற்றையதுதான். அவள் அதைத் திருப்பி ஜெயிக்க வேண்டும், அராபா. வந்துவிடு.

உன் மாமன்,
குவாமெனா