பதினைந்து நாளுக்கொரு முறை காற்று

அன்புத் தோழிக்கு,

இன்று காலை மகனுக்கு அம்மை குத்த வந்தவர் அவன் கையில் ஸ்பிரிட்டைத் தடவினார். அந்த வாசனை பட்டதும் என் வலது விலா தானாகச் சுருங்கியது. கூடவே உன் குரல்: "மூச்சை அடக்காதேடி, என் கையைப் பிடிச்சுக்கோ."

மைசூர் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஏழு மாதம் கிடந்துவிட்டு, நீயும் நானும் ஒரே வாரத்தில் வீடு திரும்பினோம். இருவருக்கும் ஒரே வைத்தியம்தான். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை நுழைத்துக் காற்று ஏற்றுவார்கள். புண்பட்ட நுரையீரல் அமுங்கி ஓய்வெடுக்கும். அந்தக் காற்று மெல்லக் கரைந்துவிடும் என்பதால், வீட்டுக்குப் போன பிறகும் பதினைந்து நாளுக்கொரு முறை வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர்.

நான் போகவில்லை. அத்தனை மாதமும் நான் பிறந்தகத்தில் இருந்ததாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார் என் மாமியார். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்?

இரண்டு தவணை தவறியதும் நீ ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாய். என் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். சுட்டது.

"யாரும்மா நீ? இவ நன்னாத்தானே இருக்கா," என்றார் மாமியார்.

"நானும் இவளும் ஒரே வார்டு, மாமி. கோவிலுக்குப் போறான்னு சொல்லிக்கோங்கோ. நானே கூட்டிண்டு போய்க் கொண்டுவந்து விடறேன். இப்போ போகலேன்னா, ஊருக்கே தெரியற நாள் வந்துடும்."

மாமியார் உள்ளே போய், என் சலவைப் புடவை ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் சேர்ந்தே போனோம். திரும்பும் வழியில் மார்க்கெட்டில் ஜட்காவை நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்குவாய். சாமுண்டி மலையைக் காட்டி, "ஒருநாள் அத்தனை படியும் ஏறப்போறேன் பாரு," என்பாய். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்போம். ஊசிக்குப் போகும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன் என்றால் இன்று யார் நம்புவார்கள்?

பிறகு உன் கணவருக்குச் சாமராஜநகருக்கு மாற்றலாயிற்று. ரயிலில் வந்துபோவதாகச் சொன்னாய். இரண்டு முறை வந்தாய். அப்புறம் கார்டுதான் வந்தது: "நன்னா இருக்கேன். உடம்பு கொஞ்சம் பூசியிருக்கு. இனிமே ஊசி வேண்டாம்னு தோணறது." சந்தோஷப்பட்டு, மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். அடுத்து வந்த கார்டு உன் கணவர் எழுதியது. நீ போய்ப் பத்து நாளாகியிருந்தது.

நான் நன்றாக இருப்பதாக என் மாமியார் சொன்னபோது நீ நம்பவில்லை. நீ சொன்னதை நான் நம்பினேன். காலையில் ரயிலேறியிருந்தால் மத்தியானத்துக்குள் உன் வாசலில் நின்றிருப்பேன்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்று பெண்களுக்கு நான் துணைக்குப் போகிறேன். போன மாதம் அவர்களில் ஒருத்தி, "சௌக்கியமா இருக்கேன், வர வேண்டாம்," என்று சொல்லி அனுப்பினாள். சொல்ல வந்தவன் வாய் மூடுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.