எந்தப் பக்கம் மேலே

ஜூலை 9

அன்புள்ள பேத்திக்கு,

உன் பெரிய தாத்தா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதுவது. காது மந்தமான பிறகு போன் எனக்கு ஒத்துவரவில்லை. அதில் நீ தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலிருக்கிறது. நீயும் உன்னோடு படிக்கும் பிள்ளைகளும் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என் இருமலே எனக்கு எதிரொலிக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நீங்கள் கிளம்பிய மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் நிலத்து ஓடைக்கரையில், கைக்குழந்தையைத் துடைப்பது போல நீங்கள் பிரஷ்ஷால் தடவித் தடவிப் பாதி தோண்டிவைத்த அந்த டைனோசர் முட்டைகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் போட்ட தார்ப்பாய் ஒரு காற்றுக்குத் தாங்குமா? கடப்பாறையோடு ஓடினேன். மூன்றையும் நெம்பி எடுத்துச் சாக்கில் சுமந்துவந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கிறேன். கோடிக்கணக்கான வருஷத்து அழுக்கு! இப்போதுதான் மூன்றுக்கும் முகம் தெளிந்திருக்கிறது. நான் மட்டும் போகாதிருந்தால் உன் படிப்பு ஓடையோடு போயிருக்கும்.

உன் தாத்தா எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது மறுபடி ஆரம்பித்தாயே, "அண்ணனும் தம்பியும் இன்னும் எத்தனை வருஷம் பேசாம இருப்பீங்க?" என்று. சண்டை வந்த அன்று அவன்தான் உள்ளே நின்றுகொண்டு என் முகத்துக்கு நேரே கதவைத் தள்ளிச் சாத்தினான். அன்று அவன் சட்டையில் மேல் பட்டன் இல்லை. என்னைப் போல எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் மண்டைக்குள்தான். அங்கே எதுவும் அழியாது.

இப்படிக்கு,
பெரிய தாத்தா (கைநாட்டு)


ஜூலை 15

அன்புள்ள பெரிய தாத்தாவுக்கு,

தையல்கார மாமா, தயவுசெய்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பிரித்தவள் விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் மழைக்கு முந்தி ஓடியிருக்கிறீர்களே, உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தாத்தா, எங்களுக்கு முட்டையைவிட அது கிடந்த கிடைதான் முக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஓடு உடைந்து திறந்திருக்கும். அதை வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்கள் மேலே பார்த்திருந்தால், குஞ்சுகள் அங்கேயே பொரித்து வெளியே வந்திருக்கலாம். அது கூடு. ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தால், வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்து கொட்டியிருக்கும். பேராசிரியர் வெள்ளம் என்கிறார், நான் கூடு என்கிறேன். மீதி மண்ணை எடுத்து, வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து அளக்கத்தான் மறுபடி வருவதாக இருந்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் ஆய்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு எடுக்கச் சொல்வார்கள். இனி அந்தப் பள்ளங்களில் கால்கூட வைக்காதீர்கள். நாங்கள் வருகிறோம்.

உங்கள் பேத்தி


ஜூலை 21

பேத்திக்கு,

இதற்கா படிக்கட்டில் உட்கார்ந்தாய்? எழுந்து போய்ச் சாப்பிடு. கடப்பாறை பட்டதும் மேல்மண் உரிந்தது. மூன்றும் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மூன்றுமே! எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். உன் பேராசிரியரிடம் சொல், முட்டையைத் தூக்கியவன் நான், அவரில்லை.

தையல்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "முதல்ல அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்கிறார். கேட்டாயிற்று என்று எழுதச் சொன்னேன். கேட்கவில்லை என்றும் சேர்த்து எழுதுகிறார் போலிருக்கிறது, பேனா ரொம்ப நேரம் ஓடுகிறது.

பெரிய தாத்தா (கைநாட்டு)


செப்டம்பர் 2

அன்புள்ள பெரிய தாத்தாவுக்கு,

ஆகஸ்டில் நாங்கள் அளக்க வந்திருந்தபோது, பள்ளம் வேறு மாதிரி சொல்கிறது என்றதும், "பள்ளத்துக்கு என்னடி தெரியும்?" என்று கத்திவிட்டு உள்ளே போனவர், நாங்கள் முட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை வெளியே வரவேயில்லை. முழுவதும் கேட்காமல் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பள்ளங்களில் சேறு எடுத்ததும், அடியில் ஓட்டுச் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் நெம்பியபோது முட்டையிலிருந்து பிரிந்தவை. அவற்றோடு பொருத்தினால் ஒவ்வொரு முட்டையும் தன் பள்ளத்தில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்கார்ந்தது. இரண்டு நீங்கள் சொன்னபடியே வாய் மேலே. மூன்றாவது மட்டும் சாய்ந்து, ஓடையைப் பார்த்துக் கிடந்திருக்கிறது.

என் தோழி, "மூணும் மேலேன்னே எழுதிடு, தாத்தாதான் சத்தியம் பண்றாரே" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனாலும் மூன்றாவது சாய்ந்தது என்று குழுவின் முன்னால் நானே முதலில் சொன்னேன். முட்டைகளை எடுத்தது யார், எப்படி என்பதையும் மறைக்கவில்லை. சில்லுகளைப் பொருத்திய படங்களைப் பேராசிரியர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "உனக்கு எதிரா இருக்கிறதையும் நீயே கொண்டுவந்திருக்கே. அதனால மத்த ரெண்டையும் நம்புறேன். வெள்ளம்னு இனி அடிச்சுச் சொல்ல மாட்டேன். கூடுன்னும் இன்னும் சொல்ல மாட்டேன். போய்த் தோண்டு" என்றார். தலைப்பு என்னுடையதுதான் தாத்தா! பனிக்காலம் முடிந்ததும் உங்கள் ஓடைக்கரைக்குத்தான் வருகிறோம்.

இன்னொன்று. என் தாத்தாவின் வலது கை நடுவிரல் நகம் கோணலாக வளர்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எங்கண்ணன் கோவமா வெளியே போனாரு. தடுக்கலாம்னு கையை நீட்டினேன். கதவை இழுத்துச் சாத்திட்டுப் போயிட்டாரு" என்றார். உங்கள் கதையில் உள்ளேயிருந்து தள்ளிச் சாத்தியது அவர். அப்படியானால் அவர் விரல் ஏன் கதவிடுக்கில் இருந்தது? எனக்குத் தெரியாது. நான் பள்ளத்தைக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

உங்கள் பேத்தி


செப்டம்பர் 14

பேத்திக்கு,

உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டதும், அதைத் தையல் மெஷின்மேல் எறிந்துவிட்டு வந்தேன். தையல்காரர் அது பறக்காமல் பட்டன் டப்பாவை மேலே வைத்துப் பாதுகாத்திருக்கிறார். இந்த ஆள் யார் பக்கம் என்றே தெரியவில்லை.

பிறகு ஓடைக்குப் போனேன். பள்ளத்தில் கால் வைக்கவில்லை, கரையில் குப்புறப் படுத்துக் கையை மட்டும் விட்டேன். மூன்றாவது பள்ளத்தின் அடி, நீ சொன்னது போல ஒரு பக்கமாகத்தான் சரிந்திருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் இப்போதும் அந்த முட்டை எனக்கு மேலேதான் பார்க்கிறது. கொஞ்சம்கூடச் சாயவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. கதவுக்கு உள்ளே அவன் நிற்பதும் எனக்கு அப்படியே, பட்டன் இல்லாத சட்டையோடு, அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. மூன்றில் இரண்டு சரி. உன் வகுப்பில் அது நல்ல மார்க்குதான்.

உன் தாத்தாவை வரச் சொல். அந்த விரலைக் கொண்டுவரச் சொல். தடவிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வேன், அதுவரை நான் சொன்னதே சரி. பஸ் நிற்கும் பழைய இடம் மாறிவிட்டது, இறங்கினால் அவனுக்கு வழி தெரியாது. எந்த பஸ் என்று எழுது, நானே போய் நிற்கிறேன்.

இங்கே காற்று அதிகம், வாசல் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொள்கிறது. அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். பயப்படாதே, உன் ஓடைக்கரையில் எடுத்ததல்ல.

பெரிய தாத்தா (கைநாட்டு)