அவர் முகத்தில் கண்ட கோணல்

மார்ச் 4
பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை எங்கள் தொலைநோக்கி என் தகட்டின் வழியாகத்தான் பார்க்கிறது. மூன்று நீலக்கல் வில்லைகளை ஒட்டி நான் செய்த தகடு. கொஞ்சம் பிசகினாலும் வானமே பிசகியதாகக் காட்டும்.

விடையை யாரும் தன் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது என்று கணக்கில் ஒரு ரகசியக் கோணத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தவர், அதைக் கழித்து உண்மையான விடையைப் பார்க்கக்கூடியவர் ஒரே ஒருவர். என் வீட்டுக்காரர்!

மார்ச் 9
நான் வந்தால் மடிக்கணினியை மூடுகிறார். விதிதான். அதற்காக இவ்வளவு வேகமாகவா?

மார்ச் 12
சாப்பிடும்போது கேட்டேன், "என் தகடு சரியாத்தானே இருக்கு?"

முகம் கோணியது. கை கன்னத்துக்குப் போனது. "அதெல்லாம் கேக்காத" என்று பாதியில் எழுந்துவிட்டார்.

ஏதோ தப்பு. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவிக்கிறார்.

மார்ச் 13
மறுபடி கேட்டேன். அதே கோணல். கட்டினவளிடம் கூடவா மறைப்பு?

மார்ச் 17
பராமரிப்புக்காகத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார்கள். யாரையும் கேட்காமல் தகட்டைக் கழற்றி அளந்தேன். தொலைநோக்கியின் உறைகுளிரில் பசை விட்டு, நடு வில்லை கால் டிகிரி நகர்ந்திருக்கிறது. நான் நினைத்தது சரி!

மார்ச் 18
கூட்டத்தில் குழுத் தலைவி கேட்டார்: "அடுத்த மாசம்தானே அளக்கணும்? இப்ப ஏன் அளந்தீங்க?"

வாய் சும்மா இருந்ததா? "அவர் மூஞ்சி சரியில்ல, மேடம்."

எல்லாரும் எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். "அப்ப, அவர் சாடை காட்டினாரா?" என்றார் தலைவி.

ஐயோ, இல்லை என்றேன். யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லையே.

மார்ச் 19
புதிதாக ஒரு ரகசியக் கோணம் போட்டு, வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் வெடித்தார். "நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லல. மூஞ்சி சொல்லுச்சு."

"பல்லு வலிடி! சொன்னா நீ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவியேன்னுதான் சொல்லல. அந்தக் கோணத்தக் கழிச்சு விடை என்னன்னு நான் இன்னும் திறந்துகூடப் பாக்கல."

பொய்யோ? வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல் கருத்துச் சொத்தையாகிக் கிடந்தது. மடிக்கணினியில் ஒளித்துப் பார்த்ததும் பல்வலிக்குக் கைமருந்து. பாவி, நான் என்ன செய்துவிட்டேன்.

மார்ச் 23
தலைவியிடம் பல்லைப் பற்றிச் சொன்னேன். "புருஷனை விட்டுக் குடுப்பீங்களா என்ன" என்று சிரித்தார்.

ஏப்ரல் 2
பல்லைப் பிடுங்கியாயிற்று. தகடும் சரியாகி ஏறிவிட்டது. "நல்லவேளை, கண்டுபிடிச்சீங்க" என்று ஆளாளுக்கு என்னைப் பாராட்டுகிறார்கள். அவரை டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

வீட்டில் மடிக்கணினி திறந்தே கிடக்கிறது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அசையவில்லை.

"மூடுங்களேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.