கண் டொக்டரும் கடைசிப் பகுதியும்

மார்ச் 14, வெள்ளி

இன்று எனக்குப் பெரிய அநியாயம் நடந்தது. கடைசிப் பகுதியை என்னை விட்டுவிட்டுப் பேத்தி அபி பார்த்துவிட்டாள். காற்றையும் நெருப்பையும் தண்ணீரையும் ஆளும் மூன்று பெண்பிள்ளைகளைப் பற்றிய ஜப்பான் கார்ட்டூன் அது. குளிர்காலம் முழுவதும் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். வகுப்புக்குப் போகாமல் நானாகப் பொறுக்கிய டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

போன வாரம் தண்ணீர்க்காரி சக்தி இழந்து விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. கண்வருத்தம் என்று சொன்னேன். மருமகள் அதை நம்பி, கண் டொக்டரிடம் இன்றைக்கு நேரம் கேட்டு டெர்மின் எடுத்துவிட்டாள். நான் அங்கே காத்திருந்த நேரத்தில்தான் அபி கடைசிப் பகுதியைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றுமில்லையாம்.

"ஏன் பிள்ளை, என்னை விட்டிட்டுப் பாத்தனீ?"

"தண்ணிக்காரி சாகிறாளோ எண்டு பாத்தனான், அப்பப்பா. செத்தா உங்களுக்குக் காட்டாமல் விடுவமெண்டு."

"செத்திட்டாளோ?"

"சொல்லமாட்டன். ஆனா நீங்கள் பாக்கலாம்."

கோபம் இன்னும் போகவில்லை. நாளை மகன் அந்தக் கடைசிப் பகுதியை முதலிலிருந்து போட வேண்டும். மருமகள் என் கண்ணைப் பற்றி இனி யாருக்கும் தொலைபேசி எடுக்கக் கூடாது. அபி முடிவைச் சொல்லாமல் என் பக்கத்தில் இருக்க வேண்டும். நான், கண்வருத்தம் என்று சொல்லாமல் அழ வேண்டும்.