குடிக்காதவனின் கணையம்

நவம்பர் 12, செவ்வாய்.

வயிற்று வலி அடங்கிவிட்டது. மனசுதான் அடங்கவில்லை.

காலையில் என்னையும் சுசீலாவையும் உட்காரவைத்து டாக்டர் படம் போட்டே விளக்கினார். கணையத்தில் இரண்டு குழாய்கள் தனித்தனியாக உருவாகி, கருவிலேயே ஒன்றாகச் சேர வேண்டுமாம். எனக்குச் சேரவில்லை. அதை நடத்துகிற மரபணுவில் ஏதோ பிசகு இருக்கலாம், அதனால்தான் கணையம் வீங்குகிறது என்றார். அவரும் முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?" என்றுதான்.

சாயங்காலம் சுசீலாவின் தம்பி வெள்ளானூரிலிருந்து பார்க்க வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, எங்கிட்டயே கதை வுடுற? எங்க கம்பெனில கணையம் வீங்குனவன் எல்லாம் குடிச்சு வீங்குனவன்தான்."

நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் கல்யாணத்தன்று இவன் ஊற்றிக் கொடுத்ததையே வாஷ்பேசினில் கொட்டியவன்.

சுசீலா அவனை அதட்டினாள். "டாக்டர் சொன்னத நானும் கேட்டேன்டா. பொறக்கும்போதே அப்படியாம்."

இவளாவது நம்புகிறாளே என்று இருந்தது.

அவன் போனதும் சமையலறைக்குப் போனேன். என் ஆபீஸ் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மூடியைத் திருகினாள்.

"கஞ்சி வெக்கட்டா?" என்றாள்.