நான் சொல்லாத ‘வேண்டாம்’

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீங்களும் எதையாவது சொல்லித் தேற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் போனதிலிருந்து சலூன் பூட்டியே கிடக்கிறது. நேற்றுத் திறந்து கூட்டினேன். நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். நாற்காலியை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்க மனசில்லை.

அவருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த, மூக்கு வழியாகப் பால் ஊற்றும் குழாயும் பால் பவுடரும் யாருக்காவது ஆகட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குச்சிப் பயிற்சி சொல்லிக்கொடுத்த நர்ஸம்மா இருந்தார். கன்னத்துப் புற்றுக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்த பிறகு தாடை இறுகிப் போயிற்றே, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயைத் திறந்து பழக்கினோமே, அதைச் சொல்கிறேன். வாய்க்குள் நுழையும் குச்சி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது. நான் சும்மா இருந்தேனா? ‘ஊர்த் தாடையெல்லாம் பிடிச்சுத் திருப்பத் தெரியுது, சொந்தத் தாடையைத் திறக்கச் சோம்பலா?’ என்று தினமும் ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு குச்சியை நுழைத்துப் பார்ப்பார். கண்ணில் தண்ணீர் கட்டிவிடும்.

நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மறுபடி வந்துடுச்சுன்னு அன்னைக்கே சொன்னோமே. கரண்ட் வச்ச இடத்துலயே திரும்ப வைக்க முடியாது, தாடையில பாதியை எடுத்தா பிழைக்க வழி இருக்குன்னு டாக்டர் அவ்வளவு சொன்னாரே. நீங்க ஏம்மா வேண்டாம்னுட்டீங்க?’ என்று கேட்டார். ‘நானா?’ என்றேன். ‘வீட்டம்மா ஒத்துக்கலைன்னு உங்க கொழுந்தன்தானே சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு’ என்றார்.

தம்பி, அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரும் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது, பயிற்சியை மட்டும் விடக்கூடாதாம் என்றீர்கள். எனக்குப் புதுச் செருப்பு வேறு வாங்கி வந்தீர்கள். நல்ல சேதிக்கு வாங்கியது என்று போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன். நோயோடு இருந்த மனிதரை நான் குச்சிக்காகத் திட்டத் திட்ட, நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

எனக்குப் பெரிய படிப்பில்லை, டாக்டர் பேச்சு புரியாது என்றுதான் உங்களை அனுப்பினேன். புரியாதவளிடம் சொல்லாமல் விடலாம். புரியாதவள் பேரைச் சொல்லி வேண்டாம் என்பதா? என்னைக் கேட்டிருந்தால் பாதி முகத்தோடு வந்தாலும் போதும் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லையோ?

ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்ற அந்த வார்த்தை அவருடையதா, உங்களுடையதா? அவருடையது என்றால், அத்தனை கண்ணாடி நடுவே பாதித் தாடையோடு நிற்கப் பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து ஏசித் தீர்த்துக்கொள்வேன். உங்களுடையது என்றால் கடிதம் வேண்டாம். நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் நாக்கில் ஆறாத புண் இருக்கிறதாம், உங்கள் வீட்டுக்காரி சொன்னாள். தள்ளிப்போடாமல் காட்டுங்கள். போகும்போது அவளையும் டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். வேண்டும், வேண்டாம் என்பதை அவள் வாயாலேயே அவள் சொல்லட்டும்.

நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி